சயாம் நாட்டில் பிராட்லி வைத்தியர்

மோ என்னுஞ் சொல் சயாம் மொழியில் வைத்தியரைக் குறிப்பது. இன்று தாய்லாந்து என வழங்கும் அந்நாட்டில், இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், டான் பீச் பிராட்லி என்னும் அமெரிக்கர் மோ பிராட்லி என்ற பெயராலேயே நினைக்கப்படுகின்றார். அவர் வைத்தியர் மட்டும் அல்லர், குருவானவர், அச்சுக்கூடத்தார், பத்திராதிபர், புத்தக வியாபாரமும் செய்தவர். முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்நாட்டோடு தொடர்பு கொண்டிருந்து, கண்டனவற்றையும் கேட்டனவற்றையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதனினும் அரிய செயலொன்றும் செய்தார். அந்நாட்டாரின் வாழ்க்கையைப் பற்றித் தாம் கருதியவற்றை அந்நாட்டார் மொழியிலேயே அச்சிட்டு அவர்கள் கையிலேயே கொடுத்தார். வேற்று நாட்டில் வாழ்ந்து அந்நாட்டைப் பற்றி எழுதினோர் பலர் உளர். அவருட் பெரும்பாலோர் எழுதியது தம் தாய்நாட்டார் படித்து வியப்பதற்கே. எவரைப் பற்றி எழுதினாரோ அவரே படித்து மறுமொழி கூறும்படி எழுதியவர் மிகச் சிலர். பிராட்லிக்கு மறுமொழி கூறியவருள் ஓர் அரசரும் இருந்தார்.

பிராட்லி 1804-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ஆம் தேதி நியூயார்க் மாகாணத்தில் மார்ஸெல்லஸ் என்னுஞ் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் முன்னர்ச் சபைக்குருவாயிருந்து, பின்னர் நியாயாதிபதியாயும் வேளாண்மை பற்றி எழுதுபவராயும் விளங்கியவர். மைந்தருக்கு இருபது வயதளவில் திடீரெனச் செவிப்புலன் ஒடுங்கிற்று. அத்துன்பத்தினூடே அவர் உள்ளம் கடவுள்பால் திரும்பியது. வெளிநாடு சென்று சுவிசேஷம் அறிவிக்க வேண்டும் என்னும் அவா எழுந்தது. குருத்துவக் கல்விக்கோ நெடுங்காலம் வேண்டும். தமக்கு வயது ஏறிவிட்டது என்று எண்ணி வைத்தியங் கற்று, 1833-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரத்து அமெரிக்க மிஷன் சங்கத்தார் அவரை ஏற்றுக்கொண்டனர். யாழ்ப்பாணத்தில் பள்ளிகளை நிறுவியதும், 1834-ஆம் ஆண்டில் மதுரையில் ஊழியந் தொடங்கியதும் அச்சங்கமேயாதலால், பிராட்லியை நமக்கு முற்றும் அயலார் என்று சொல்வதற்கில்லை. அதே 1834-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், புதுமணம் புரிந்த எமிலி ராய்ஸ் அம்மையாரோடு அவர் காஷ்மீர் என்னும் கப்பலேறினார். அடுத்த ஜனவரியில் சிங்கப்பூர் சேர்ந்து, காற்றுத் திரும்பும்வரை அங்கே மாதக்கணக்காய்க் காத்திருந்து, 1835 ஜூலை 18-ஆம் தேதி பாங்காக்கு நகரத்தில் இறங்கினார். அன்று அவருக்கு முப்பத்தோராண்டு நிரம்பியது.

அக்காலத்துப் பாங்காக்கு நீரின்மேல் மிதந்த நகரம். சாவ்பிராயா நதியின் இருகரையிலும் மூங்கிற்றெப்பங்களின்மேல் வீடுகளும் கடைகளும் வரிசையாய்க் கட்டுண்டு நின்றன. தெருவின் தொழிலைக் கால்வாயும் வண்டியின் தொழிலை ஓடமும் செய்தன. வண்டி செல்லத்தக்க பெருஞ்சாலை 1860-க்குப் பின்னரே அங்கு அமைந்தது. மூன்றாம் இராமன் என்று வரலாற்றார் கூறும் அரசர் ஆண்டுகொண்டிருந்தார். அண்டை நாடாகிய பர்மாவை ஆங்கிலேயர் பொருது அதன் கடற்கரையைக் கைப்பற்றிப் பத்தாண்டுகூட ஆகவில்லை. ஆதலின், வெள்ளையர் ஒருவர் பெட்டிகளோடு வந்திறங்கினால், பெட்டிக்குள் மருந்திருப்பினும் அதன் பின்னே பீரங்கி வருமோ என்று அரண்மனையார் அஞ்சியதில் வியப்பில்லை. சீனர் நெருங்கி வாழ்ந்த சாம்பெங் பகுதியில் முதலில் தங்கிய பிராட்லி, சில மாதங்களுக்குள் அவ்விடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. நதியின் மேற்கரையிலே போர்த்துக்கீசியர் வழிவந்தோர் வாழ்ந்த சாந்தா குரூஸ் பக்கத்திற்குக் குடிபெயர்ந்தார்.

எங்கிருந்தபோதும் நோயாளிகள் அவரைத் தேடி வந்தனர். ஆறாப் புண்ணுடையோர், கண்படலம் மூடியோர், அம்மையால் வருந்தியோர், செல்வர், அடிமைகள் எல்லோரும் வந்தனர். கூலி வாங்காது மருந்து கொடுத்தார். மருந்தோடு வேத வசனம் அடங்கிய சிறு பிரசுரமும் கொடுத்தார். மருந்தையும் பிரசுரத்தையும் மக்கள் மறுக்காது பெற்றுக்கொண்டனர். ஆயின் அவர்கள் அதற்குக் கண்ட பொருள் வேறு. விகாரைக்குப் பொன் கொடுப்போனும், வழிப்போக்கர்க்குச் சாவடி கட்டுவோனும் அடுத்த பிறவிக்குப் புண்ணியம் ஈட்டுதல் போல, இந்த அமெரிக்கரும் புண்ணியம் ஈட்டுகின்றார் என்றே அவர்கள் எண்ணினர். கிருபையினால் மட்டும் இரட்சிப்பு என்று போதிக்க வந்தவரின் கைத்தொண்டே, நற்செயலால் நற்பிறவி என்னும் அவர்கள் கொள்கைக்குச் சான்றாயிற்று. இம்முரண் அவர் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை.

1837-ஆம் ஆண்டு ஜனவரியில், அவர் இல்லத்திற்கு அணித்தாயுள்ள பிரயூன் விகாரையில் விழா நடந்தது. வாணவேடிக்கைக்கென வைத்த இரும்புக் குழாய் வெடித்துச் சிதறியது. பலர் அவ்விடத்திலேயே மாண்டனர். பிக்கு ஒருவரின் கை சிதைந்து தொங்கிற்று. அக்காலத்தில் மேனாட்டுச் சத்திர சிகிச்சைக்கு மயக்க மருந்து கிடையாது. ஈதர் என்னும் மருந்து பாஸ்டன் நகரில் அதற்குப் பயன்பட்டது இதற்கு ஒன்பதாண்டுகளுக்குப் பின்னரே. விழித்தபடியே கிடந்த அப்பிக்குவின் கையைப் பிராட்லி அறுத்தெடுத்து, குருதிக் குழாய்களைக் கட்டினார், அவரும் பிழைத்தார். சயாம் நாட்டில் மேனாட்டு முறைப்படி நடந்த முதற் சத்திர சிகிச்சை இதுவே என்பர். கிறிஸ்தவக் குரு ஒருவரின் கத்தியின் கீழ்ப் பௌத்தத் துறவி ஒருவர் நம்பிக்கையோடு படுத்ததைச் சிகிச்சையினும் பெரிதாகக் கருதத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு வைசூரி பரவிற்று. கோவசூரிப் பால் கிடைக்காமையால், வைசூரிப் பாலையே சிறிதளவு தோலினுட் செலுத்தும் பழைய முறையைப் பிராட்லி கைக்கொண்டார். அரசர் இதனைக் கேள்வியுற்றுத் தம் அரண்மனை வைத்தியர்களை அனுப்பி அம்முறையைக் கற்றுவரச் செய்தார். அந்நியர்மேல் ஐயங்கொண்டிருந்த அதே அரசரே இவ்வாறு செய்தது கருதத்தக்கது. பின்னர்ப் பாஸ்டனிலிருந்து ஆப்பிரிக்க முனையைச் சுற்றிப் பல மாதங் கழித்து வந்த அம்மைப் பொருக்கைக் கொண்டு 1840-ஆம் ஆண்டில் அவர் அம்மை குத்துதலைத் தொடங்கினார். வெப்ப நாட்டில் அப்பொருக்கு விரைவிற் கெடும்; ஒரு குழந்தையின் கையினின்று மற்றொரு குழந்தையின் கைக்கு மாற்றிக்கொண்டே போனாலன்றி நிலைக்காது. அத்தொடர் அறாமற் காப்பதே பெரும்பாடாயிருந்தது. கற்க வந்த சயாம் வைத்தியர் விரைவில் தாமே அத்தொழிலைச் செய்தனர்.

தாய்மார் செய்தி அவ்வளவு எளிதாக இல்லை. பிள்ளை பெற்ற பெண்ணைப் பல நாள் அனலருகே கிடத்தி வாட்டுவது அந்நாட்டு வழக்கம். அரசியாயினும் அடிமையாயினும் அதற்கு விலக்கில்லை. பிராட்லி கண்ட கொடுமைகளுள் அவர் உள்ளத்தை மிகவும் வருத்தியது இதுவாகும். 1842-ஆம் ஆண்டிற் பிரசவ வைத்தியம் பற்றிச் சயாம் மொழியில் ஒரு நூல் எழுதி அச்சிட்டு, இவ்வழக்கத்தைக் கண்டித்தார். ஆயின் அம்மை குத்துதலை ஓரிரு பருவங்களில் ஏற்ற மக்கள், அனலை அணைக்கத் தலைமுறைகள் ஆயின. வைசூரிக்கு அவர்களிடம் மாற்று மருந்தில்லை. அனலுக்கோ பாட்டிமார் இருந்தனர். புதிதாய் ஒன்றைக் கொடுப்பதினும் பழையதொன்றை விடச் செய்தல் அரிது என்பதைப் பிராட்லி இங்கேதான் முதலில் உணர்ந்திருத்தல் வேண்டும்.

இனி அச்சுக்கலைக்கு வருவோம். பாங்காக்குக்கு வந்தபோதே அச்சியந்திரமும் சயாம் எழுத்துக்களும் உடன் கொணர்ந்திருந்தார். 1836-ஆம் ஆண்டில் பத்துக் கற்பனைகளின் பிரசுரம் அந்நகரில் அச்சாகியது. கொணர்ந்த எழுத்துக்கள் அழகற்றன. ஆகவே 1841-ஆம் ஆண்டளவில் அந்நகரிலேயே புதிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. தமிழ் மாணவர் ஒருவர் இவ்விடத்தில் சற்று நின்று நோக்குதல் தகும். சயாம் எழுத்து கம்போச எழுத்தின் வழியது. கம்போச எழுத்தோ காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர் எழுத்தின் வழியது. மாமல்லபுரத்துக் கல்லிற் பொறித்த வடிவங்களின் கொடிவழியைப் பாஸ்டன் சங்கத்தார் பாங்காக்கில் ஈயத்தில் வார்த்தனர். சென்னையிலே அச்சங்கத்தாரின் அச்சுக்கூடம் தமிழெழுத்துக்களைத் திருத்தி அழகுபெற வார்த்ததும் ஏறக்குறைய அக்காலத்திலேயே.

1839-ஆம் ஆண்டில் அரசர் அபினியை விலக்கி ஓர் ஆணை பிறப்பித்து, அதனை 9,000 படிகள் அச்சிடுமாறு மிஷன் அச்சுக்கூடத்திற்கு அனுப்பினார். சயாம் அரசாங்கத்தின் முதல் அச்சுப் பத்திரம் இதுவே. அபினியைப் பிராட்லியும் வெறுத்தவராதலின் இவ்வேலை அவருக்கு இனித்தது. ஆயினும் அச்சினை அரசர் முற்றும் நம்பிவிட்டார் என்று கருதலாகாது. நாட்டுச் சட்டங்களைக் குடிகள் அறியட்டும் என்று மோட் என்னும் அறிஞர் 1849-ஆம் ஆண்டில் அவற்றை அச்சிட்டபோது, அரசர் சினந்து அப்படிகளைப் பறிமுதல் செய்தார். சட்டம் குடிகள் கையில் இருப்பின் வழக்காடுவோர் மலிவர் என்பது அக்கால அதிகாரிகளின் அச்சம். பதினான்காண்டு கழித்து, அடுத்த அரசர் காலத்தில், அதே சட்டங்களைப் பிராட்லி தம் அச்சுக்கூடத்தில் வெளியிட்டார். அவர் வெளியிட்ட சுவிசேஷப் பிரசுரங்கள் எத்தனையோ. அவற்றினும் அந்நாட்டு ஏழை வழக்காளிக்கு இந்நூல் உதவியிருக்கும் என்று சொன்னால் அவர் வருந்தக்கூடும். எனினும் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்த அரசர் என்றேன், அவரே மொங்குட். பிராட்லி பிறந்த அதே 1804-ஆம் ஆண்டிற் பிறந்தவர். இருபது வயதில் துறவு பூண்டு, தமையனார் ஆட்சி முடியும்வரை இருபத்தேழாண்டு காவியுடையிலேயே வாழ்ந்தார். காவியுடை அவருக்கு அரசியற் காப்பாகவும், கல்விக் கழகமாகவும் பயன்பட்டது. பாலி மொழியில் வல்லவர். கத்தோலிக்க மேற்றிராணியார் பல்லெகுவா என்பவரிடம் இலத்தீன் பயின்றார். பிராட்லியின் தோழராகிய காஸ்வெல் என்னும் அமெரிக்க மிஷனெரியிடம் 1845 முதல் ஆங்கிலம் கற்றார். கல்விக் கைம்மாறாகத் தம் விகாரை எல்லைக்குள் காஸ்வெல் கிறிஸ்து மார்க்கத்தைப் போதிக்க இடமளித்தார். பௌத்த மடத்துத் தலைவர் ஒருவர் தம் மடத்தில் இவ்வாறு இடங்கொடுத்த செய்தியை, நம் நாட்டு மதச் சண்டைகளைக் கேட்டுப் பழகிய செவிகள் எளிதில் நம்பா.

1845-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எமிலி அம்மையார் க்ஷயரோகத்தால் இறந்தார். தாயற்ற குழந்தைகளை உறவினரிடம் சேர்ப்பதற்காகப் பிராட்லி 1847-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். அங்கே மற்றொரு துன்பங் காத்திருந்தது. விசுவாசி இவ்வுலகிலேயே பூரண பரிசுத்தம் எய்தக்கூடும் என்னுங் கொள்கையை அவர் ஏற்றிருந்தார்; பாஸ்டன் சங்கத்தார் அதனை ஏற்கவில்லை. தம்மை ஊழியத்திற்கு அனுப்பிய சங்கத்தை விட்டு விலகினார். அடிமை முறையை எதிர்த்தெழுந்த அமெரிக்க மிஷனெரி சங்கம் என்னும் வேறோர் அமைப்பிற் சேர்ந்தார். ஓபர்லின் கல்லூரியிற் பட்டம் பெற்ற சாரா பிளாச்லி அம்மையாரை மணந்து 1850-ஆம் ஆண்டில் பாங்காக்கு மீண்டார். புதிய சங்கத்தார்க்குப் பொருள் குறைவு. ஆதலின் இதன்பின் அவர் பெரும்பாலும் அச்சுத்தொழிலாலேயே தம் குடும்பத்தையும் ஊழியத்தையும் காத்தார். 1851-ஆம் ஆண்டில் மொங்குட் அரியணை ஏறினார். நதிக்கரையில் பிராட்லிக்கு நிலமும் அளித்தார். அங்கே வீடும் அச்சுக்கூடமும் எழுந்தன.

அச்சுத்தொழிலாற் பிழைக்க நேர்ந்தமை அவருக்குத் தாழ்வாகத் தோன்றியிருக்கலாம். சயாம் இலக்கியத்திற்கோ அது நல்வாய்ப்பாயிற்று. 1857-ஆம் ஆண்டில் இலண்டன் சென்ற சயாம் தூதரோடு மொழிபெயர்ப்பாளராய்ப் போன இராசோதை என்பவர் தம் பயணத்தைச் செய்யுளாகப் பாடியிருந்தார். 1861-ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பிக்கும் உரிமையைப் பிராட்லி 400 பாட்டு கொடுத்து வாங்கினார். புலவர் ஒருவர் அரசர் பரிசிலின்றித் தம் நூலுரிமையை விற்றுப் பணம்பெற்றது அந்நாட்டில் அதுவே முதன்முறை. சீனத்து மூன்று அரசுகளின் பெருங்கதையும் சயாம் மொழியில் அவர் அச்சிலேயே வெளிவந்தது.

அவர் கருத்துக்கள் மிகுதியும் வெளிப்பட்டது பத்திரிகையிலே. பாங்காக்கு ரிக்கார்டர் என்பது அதன் பெயர். 1844-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, அஃதாவது அமெரிக்கர் சுதந்திர நாளில், அதன் முதல் இதழ் சயாம் மொழியில் வெளிப்பட்டது. ஓராண்டுக்குச் சற்று மேல் நடந்து நின்றது. 1865-ஆம் ஆண்டில் மீண்டுந் தோன்றி, சயாம் மொழியிலும் ஆங்கிலத்திலும் நடைபெற்றது. அந்நாட்டின் முதற் செய்தித்தாள் அதுவே. மழை எவ்வாறு பெய்கின்றது, மின்னல் யாது, கிரகணம் எதனால் உண்டாகின்றது என்பவற்றை விளக்கிற்று. சந்தை விலை, கப்பல் வரவு, அயல்நாட்டுப் போர்ச் செய்திகள் முதலியனவும் வந்தன. இவற்றினூடே, சயாம் மக்களின் ஒழுகலாறு பற்றிய கண்டனங்களும் ஒளிவின்றி வந்தன.

கண்டனங்களுட் பெரியது அடிமை முறை பற்றியது. குடிகளில் மூன்றிலொரு பங்கேனும் அடிமைகள் என்று மேற்றிராணியார் பல்லெகுவா மதிப்பிட்டிருந்தார். அவருட் பலர் போரிற் பிடிபட்டோர்; வேறு பலர் கடனுக்காகத் தம்மையோ தம் மக்களையோ விற்றவர். அடிமையல்லாத குடியானவனும் ஆண்டுதோறும் சில மாதம் அரசனுக்கோ பிரபுவுக்கோ கூலியின்றி உழைக்க வேண்டும். நம் முன்னோர் வெட்டி என்றும் அமஞ்சி என்றும் வழங்கிய கொடுமை அதுவே. தம் தாய்நாடு இதே காரணம் பற்றி நான்காண்டு உள்நாட்டுப் போர் புரிந்து இலட்சக்கணக்கானோரைப் பலியிட்டு ஓய்ந்த அதே 1865-ஆம் ஆண்டிற் பத்திரிகையை மீண்டும் தொடங்கினார் பிராட்லி. அடிமைத்தனத்தைச் சயாமியர்க்கு மட்டும் உரிய இழிவாக அவர் எண்ணியிருக்க முடியாது.

பலதார மணத்தைப் பற்றிய கண்டனம் நேரே அரண்மனையைத் தாக்கிற்று. மொங்குட் அரசர் 82 மக்களுக்குத் தந்தை. பெண்டிர் பலரை ஓர் ஆடவன் கொள்வது நாட்டைக் கெடுக்கும் என்று பிராட்லி எழுதியபோது, படிப்போர் எவரும் யாரைச் சுட்டுகிறார் என்று வினவ வேண்டியிருக்கவில்லை. வேறு கீழ்நாட்டு அரசராயிருப்பின் அச்சுக்கூடத்திற்கு முத்திரை வைத்திருப்பார். மொங்குட் அவ்வாறு செய்யவில்லை, எழுதுகோலை எடுத்தார். பெயர் குறியாமலே அப்பத்திரிகைக்குத் திருத்தங்களும் மறுமொழிகளும் எழுதியனுப்பினார் அவர். அரசரைக் கொடுங்கோலராகச் சித்திரித்த பிற்காலக் கதைகளைப் படித்தோர், குடியல்லாத ஓர் அச்சுக்காரரோடு எழுத்தில் வாதிட்ட அரசர் அவரேயென்பதை மறத்தலாகாது. தம் அந்தப்புர மகளிருள் தமக்கு மக்களைப் பெறாதவர் விரும்பினால் விலகிச் செல்லலாம் என்று ஆணையிட்டவரும், தம் மனைவியை அவள் சம்மதமின்றிக் கணவன் விற்றலாகாது என்று 1868-ஆம் ஆண்டில் விதித்தவரும் அவரே. பிராட்லியின் கண்டனத்தாலேதான் இவை நேர்ந்தன என்று நான் கூறேன். விற்கப்படுதற்கு உடன்படாத பெண்கள் தாமே அரசரிடம் முறையிட்டனர். அவர்கள் குரலுக்கே முதன்மை உரியது.

மதத்தைப் பற்றிய பிராட்லியின் கருத்துக்களில் அவரைப் பின்பற்றிச் செல்ல எனக்கு இயலவில்லை. விகாரைகளிலே அவர் விக்கிரகத்தை மட்டுமே கண்டார். கூலியின்றி ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பள்ளிகளும் அவ்விகாரைகளே. அப்பள்ளிகள் இல்லாதிருப்பின் அவர் பத்திரிகையைப் படிப்பதற்கு ஆளிருந்திராது. இவ்வொருபாற் பார்வைக்குத் தக்க விடை 1867-ஆம் ஆண்டில் வந்தது. அயல்நாட்டு மந்திரியாயிருந்த தீபகரவோங் என்பவர் ஒரு நூல் எழுதினார். மிஷனெரிமார் அச்சில் அதற்கு இடங்கிடையாதாகையால் கல்லச்சிற் பதிப்பித்தார். பூமி உருண்டை, மழை கடலினின்று எழுவது, கிரகணம் நிழலினால் ஆவது என்று மிஷனெரிமார் கற்பித்த அனைத்தையும் அவர் ஏற்றார். தம் முன்னோரின் பழைய உலகப் படத்தைத் தயங்காது கைவிட்டார். அதன்பின் அதே அளவுகோலால் மிஷனெரிமாரின் வேதத்தையும் அளந்தார். ஆறுநாட் படைப்பையும் அற்புதங்களையும் பற்றி அவர் எழுப்பிய வினாக்கள் கூர்மையானவை. பலதார மணத்தைப் பௌத்தம் புகழவில்லை, விலக்கவும் இல்லை என்று நடுநிலையாய் உரைத்தார். கிறிஸ்தவனாகிய எனக்கு அந்நூலின் முடிவு உடன்பாடன்று. ஆயினும் அது தோன்றியது பிராட்லியும் அவர் தோழரும் ஓயாது பேசியதன் பயனே.

அவ்வாண்டிலேயே பத்திரிகை மடிந்தது. மடியச் செய்தவர் சயாமியர் அல்லர், பிரெஞ்சுக்காரர். 1863-ஆம் ஆண்டில் கம்போசத்தைத் தம் பாதுகாப்பிற் கொண்ட பிரான்சு, சயாம் அதன்மேற் கொண்டிருந்த உரிமையை விடுமாறு வற்புறுத்தி வந்தது. பிரெஞ்சுக் கான்ஸல் ஒபாரே என்பவர் அரசரிடம் வரம்பு கடந்து நடந்து, முதன்மந்திரியை விலக்குமாறு நெருக்கினார் என்ற செய்தியைப் பிராட்லி வெளியிட்டார். சயாம் நாட்டின் சார்பிலே நின்று அதன் மானத்திற்காக எழுதிய செய்தி அது. ஒபாரே மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். உடன்படிக்கைகளின்படி அமெரிக்கர்மேல் வழக்கு அமெரிக்கக் கான்ஸல் மன்றத்திலேயே நடக்கும். அரண்மனையில் நடந்ததற்கு அரண்மனையாரே சாட்சி. சாட்சி கூற அவருள் எவரும் வரவில்லை. மெய்யுரைக்குமாறு தம் மக்களை அனுப்பினால் பிரெஞ்சுப் போர்க்கப்பல் நதிக்குள் வரும் என்று அரசர் அஞ்சினார், அவ்வச்சம் பொய்யன்று. தீர்ப்புப் பிராட்லிக்கு மாறாயிற்று, அபராதம் விதிக்கப்பட்டது. பத்திரிகையை நிறுத்திவிட்டார். இரண்டாண்டு காலம் சயாமியரை இடித்துரைத்தபோது ஒருவரும் அவரைத் தண்டிக்கவில்லை. சயாமியர்க்காகப் பேசியபோது தம் நாட்டுக் கான்ஸலே தண்டித்தார்.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் நேர்ந்தது. நம் சென்னை இராசதானியில் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானநூலார் ஜான்ஸென் ஆராய்ந்த கிரகணம் அதுவே. மொங்குட் தாமே கணித்து, கிரகணம் நன்கு தோன்றும் இடத்தை அறிந்து, கடற்கரையிலுள்ள வாக்கோ என்னும் சதுப்பு நிலத்திற் பாசறை அமைத்து, அயல்நாட்டாரையும் அழைத்துக் கண்டார். கணிப்புத் தவறவில்லை. ஆயின் அச்சதுப்பின் காய்ச்சல் அவரைப் பற்றி, அக்டோபர் 1-ஆம் தேதி உயிர் கவர்ந்தது. அதே கிரகணத்தை வடக்கே சியாங்மாய் நகரத்தில் மக்கில்வரி என்னும் மிஷனெரி தம் சயாமிய நண்பர் நான் இந்தா என்பவருக்கு ஒரு கிழமைக்கு முன்னரே எடுத்துரைத்திருந்தார். சொன்னபடி நிகழவே, பழைய உலகப் படத்தின்மேல் நான் இந்தாவிற்கு இருந்த நம்பிக்கை தளர்ந்தது. பின்னர் அவர் ஞானஸ்நானம் பெற்றார். வடநாட்டின் முதல் விசுவாசி அவரே. மக்கில்வரியின் மனைவி சோபியா, பிராட்லியின் மகள். தந்தையார் பத்திரிகையில் விளக்கிய கிரகண நூல், மருமகன் வாயிலாகப் பயன் தந்தது.

அப்பயனும் குருதியிற் றோய்ந்தது. 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சியாங்மாய்ச் சிற்றரசன் நோய் சுன்யா, நான் சாய் என்னும் இரு விசுவாசிகளைக் கொல்வித்தான். சோபியாவும் குழந்தைகளும் அந்நகரில் இருந்தனர். ஆற்றுவழியாய் ஓடம் போய்ச் சேர மாதங்கள் ஆகும். அறுபத்தைந்து வயதுடைய தந்தை அந்நாட்களை எவ்வாறு கழித்தாரோ! பாங்காக்கு அரசாங்கம் ஓர் அதிகாரியை வடக்கே அனுப்பிற்று, குடும்பத்தார் பிழைத்தனர். சயாமில் மத சுதந்திர ஆணை பிறந்தது 1878-ஆம் ஆண்டில். பிராட்லி அதனைக் காணவில்லை. அவரை முதலில் அனுப்பிய பாஸ்டன் சங்கம் பதினெட்டாண்டு பாங்காக்கில் உழைத்தும் சயாமியர் ஒருவரையேனும் சபையிற் சேர்க்காமலே அந்நாட்டை விட்டிருந்தது. பிரஸ்பிட்டேரியன் மிஷன் முதற் சயாமியருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே 1859-ஆம் ஆண்டிலேதான்.

முதுமையில் அவர் கைவிடாதது அகராதி வேலை. சயாம் சொற்களுக்குச் சயாம் மொழியிலேயே பொருள் கூறும் அகராதி அது. தாட் என்னும் சயாமிய ஆசிரியர் தொகுத்துக் கொடுக்க, பிராட்லி பதிப்பித்தார். தமிழ் மாணவர் கையிலிருக்கும் வின்ஸ்லோ அகராதியை நாம் இங்கு நினைத்துக்கொள்ளலாம். வின்ஸ்லோ 1862-ஆம் ஆண்டில் தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்திற் பொருள் எழுதினார். அதனால் தமிழ் கற்க வரும் ஆங்கிலேயர் பெரும்பயன் அடைந்தனர். பிராட்லியின் அகராதியோ ஆங்கிலேயர்க்கு ஒரு பயனும் தராது. சயாமியரே தம் மொழியைத் தாம் நோக்கும்படி அமைந்தது அது. கண்டனம் எழுதிய கை அதனையும் எழுத்தெழுத்தாய்க் கோத்தது. 1873-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் 23-ஆம் தேதி பிராட்லி தமது அறுபத்தெட்டாம் வயதில் பாங்காக்கிலேயே உயிர் நீத்தார். மொங்குட் அளித்த நிலத்தில் நதிக்கரையில் அமைந்த புரொட்டஸ்டாண்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. ஐந்து மாதங் கழித்து, மொங்குட்டின் மைந்தர் சூலாலங்கார்ன் அரசர், தம் முன்னே குடிகள் தரையில் வீழ்ந்து கிடக்கும் வழக்கத்தை ஒழித்தார். அடுத்த ஆண்டில் அடிமைக் குழந்தைகளின் விடுதலைக்கு முதற்சட்டம் இயற்றினார். 1905-ஆம் ஆண்டில் அடிமை முறை முற்றும் ஒழிந்தது.

பிராட்லியின் மைந்தருள் ஒருவராகிய கார்னீலியஸ் 1843-ஆம் ஆண்டு பாங்காக்கிற் பிறந்து, பின்னர்க் கலிபோர்னியாவிற் பேராசிரியரானார். சுகோதை நகரத்துப் பழைய கல்வெட்டொன்றை 1909-ஆம் ஆண்டில் ஆராய்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அக்கல்லைத் துறவியாயிருந்த காலத்தில் 1833-ஆம் ஆண்டிற் கண்டெடுத்தவர் மொங்குட். அதன் தொன்மையை ஐயுறும் அறிஞரும் உளர். அவ்வாராய்ச்சி இவ்விடத்திற்கு உரியதன்று.

சாரா அம்மையார் கணவர் இறந்த பின்னும் தாய்நாடு திரும்பவில்லை. 1850-ஆம் ஆண்டில் வந்திறங்கியவர், ஒருமுறையேனும் அமெரிக்கா செல்லாது, நாற்பத்து மூன்றாண்டு அந்நதிக்கரையிலேயே வாழ்ந்து, 1893-ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார்.